மாரியம்மனின் தலை யாருடையது, உடல் யாருடையது

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். கல்யாணமாகிப் போன வீட்டில் குலதெய்வம் மாரியம்மன். ஆடியில் கூழ் ஊற்றப் போன இடத்தில் பூசாரி ஒரு கதை சொன்னாராம்: புருஷன் பேச்சைக் கேட்டு மகனே தாயின் தலையை வெட்டி, அப்புறம் வேறொருத்தி உடம்பில் அந்தத் தலையை ஒட்டிய கதை. வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால் அவள் பார்வதியின் அவதாரம் என்கிறார்கள். இதில் எது உண்மை? வெட்டுப்பட்ட ஒருத்தியைச் சாமியாக்கிக் கும்பிடுவதில் பெண்ணுக்கு என்ன கிடைத்துவிட்டது? ஆறு வயது மகள் கேட்டால் எந்தக் கதையைச் சொல்வது? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: முதல் இரண்டும் மூன்றாவதற்குப் போகிற வழி. மகள் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன், முதல் இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்காமல் அங்கே போக முடியாது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் என் தாத்தா பூசாரி. அப்பா அந்த வேலைக்குப் போகவில்லை. நான் நாட்டார் வழக்காறு படித்து, இருபது வருஷத்துக்கு மேல் வட மாவட்டங்களிலும் கொங்குப் பக்கமும் அம்மன் கதைகளையும் உடுக்கைப் பாட்டுகளையும் பதிவு செய்துகொண்டு திரிந்தவன். கோயில் பூசை விதிகளைச் சொல்லும் ஆகமம் முறையாகப் படித்தவனில்லை. அதனால் சாஸ்திரப்படி எது சரி என்று என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள், கேட்டதையும் பார்த்ததையும் படித்ததையும்தான் சொல்ல முடியும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம். ரேணுகை கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் இருக்கிறது. ஜமதக்னி முனிவரின் மனைவி அவள். குளிக்கப் போன இடத்தில் சித்திரரதன் என்ற அரசன் தன் மனைவியரோடு நீரில் விளையாடுவதைப் பார்க்கிறாள், ஒரு கணம் மனம் சலிக்கிறது, வீடு திரும்புகிறாள். முனிவருக்குப் புரிந்துவிடுகிறது. இவளைக் கொல்லுங்கள் என்று மகன்களிடம் சொல்கிறார். மூத்தவர்கள் நாலு பேரும் கை ஓங்காமல் நின்று சாபம் வாங்கிக்கொள்கிறார்கள். ஐந்தாமவன் பரசுராமன் கோடரியை எடுக்கிறான். வரம் கேள் என்று அப்பா சொன்னதும் அவன் முதலில் கேட்பது அம்மா பிழைத்து எழ வேண்டும் என்பதை. அடுத்து, வெட்டுப்பட்ட ஞாபகம் அவளுக்கு இருக்கக் கூடாது என்பதை. (இந்த இரண்டாவது வரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். யாருக்காகக் கேட்ட வரம் அது, அம்மாவுக்காகவா, தனக்காகவா?) அவள் எழுந்ததோடு கதை அவளை விட்டுவிட்டுப் பரசுராமன் பின்னால் போய்விடுகிறது. அங்கே தலை மாறவில்லை. இன்னொரு பெண் இல்லை. அம்மை நோயும் இல்லை, மாரி என்ற பெயரும் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் அவளை அங்கே விடவில்லை. பூசாரி உங்களுக்குச் சொன்னது பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்: ரேணுகை தினமும் ஆற்றங்கரைப் பச்சை மணலிலேயே குடம் பிடித்துத் தண்ணீர் மொண்டு வருவாள், கற்பின் பலத்தால் குடம் கரையாது. ஒருநாள் தண்ணீரில் ஒரு கந்தர்வனின் நிழல் தெரிய, அழகாக இருக்கிறானே என்று நினைத்த மாத்திரத்தில் குடம் கரைந்து போகிறது. மகன் வெட்ட வருகிறான், அவள் ஓடுகிறாள். ஊருக்குள் ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. ஊருக்கு வெளியே சேரியில் ஒருத்தி மட்டும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். மகன் இருவர் தலையையும் சேர்த்து வெட்டுகிறான். வரம் வாங்கி வந்தவன் பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறான். பார்ப்பனத் தலையும் சேரி உடம்புமாக எழுந்தவள் மாரி, மற்றவள் எல்லம்மன். நான் அதிகம் கேட்டது இந்த வரிசையைத்தான், சில ஊரில் இரண்டு பெயரும் இடம் மாறிக் கிடக்கும். அடைக்கலம் கொடுத்தவளின் சாதியும் ஊருக்கு ஊர் மாறும். ஊருக்கு வெளியே இருப்பவள் என்பது மட்டும் மாறி நான் கேட்டதில்லை.

இது எப்போது வந்து சேர்ந்த கதை என்று நாள் குறிக்க முடியாது, ஆனால் ஒரு கீழ் எல்லை உண்டு. சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் நம் கடற்கரைப் பக்கம் கேட்டதைத் தன் பயண நூலில் எழுதி, அது 1782இல் பாரிசில் அச்சானது. அதில் தலை மாறுகிறது, அம்மைக்கு அதிதேவதை என்ற குறிப்பும் இருக்கிறது. ஆக இருநூற்று நாற்பது வருஷத்துக்குக் குறையாத வயது அந்தக் கதைக்கு. ஜெர்மன் கவிஞர் கதே பிற்பாடு இதே கதையை வைத்துக் கவிதை எழுதினார். ஆனால் சொன்னேராவின் கதையில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அங்கே சேரிப் பெண் அடைக்கலம் கொடுத்தவள் அல்ல, ஏதோ குற்றத்துக்காக வெட்டுப்பட்டுக் கிடந்தவள். அந்த உடம்பு ஒட்டியதால்தான் தேவிக்குக் கொடூரமும் ஒட்டிக்கொண்டது என்று போகிறது கதை. யார் வாயிலிருந்து அவர் காதுக்கு வந்திருக்கும் என்பதை ஊகிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இதே கதையை நான் சேரித் தரப்பில் கேட்டபோது ஒரு கிழவர் சொன்னது வேறு: "தல யாருதா இருந்தா என்ன, நோவு வந்தா தாங்குறது ஒடம்புதானே? ஒடம்பு எங்களுது." அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. ஆகவே பூசாரி சொன்ன கதை என்று ஒரே கதை கிடையாது. அடுத்த தடவை போனால், அந்த இன்னொருத்தி யார், அவள் ஏன் வெட்டுப்பட்டாள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் அந்த ஊரே தெரியும்.

இதையெல்லாம் கதையாக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். குடியாத்தத்தில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் நடக்கும், முடிந்தால் ஒரு வருஷம் போய்ப் பாருங்கள். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாக எடுத்து வருகிறார்கள், வழி நெடுகத் தேங்காய் உடைபடுகிறது, கங்கையம்மன் கோயிலுக்கு வந்ததும் சண்டாளச்சி உடம்பில் அந்தத் தலையைப் பொருத்திக் கண் திறக்கிறார்கள். சண்டாளச்சி என்ற சொல்லை ஒளிக்காமல்தான் சொல்கிறார்கள். வசவாக ஒலிக்கிற சொல்லின் முன்னால் அத்தனை ஜனமும் கை கூப்பி நிற்பதைப் பார்த்தபோது, முதல் தடவை எனக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் இருக்கிறது, அங்கேயும் கும்பிடுவது சிரசைத்தான். மகாராஷ்டிரத்து மாகூரில் ரேணுகை முகமாக மட்டும்தான் இருக்கிறாள். அப்படியானால் தலையை மட்டும் வைத்து வணங்குவது தமிழ்நாட்டோடு நிற்கிற வழக்கமில்லை. அந்தத் தலைக்கு ஒரு உடம்பையும் அந்த உடம்புக்கு ஒரு சாதியையும் கொடுத்து ஊரைக் கூட்டிப் பொருத்திக் காட்டுவதுதான் நம் பக்கத்துச் சங்கதி.

சரி, பார்வதி அவதாரம்? அது பொய் இல்லை, வேறு வகையான பேச்சு. எல்லாத் தேவியரும் ஒரே சக்தியின் வடிவம் என்று சாக்த மரபு சொல்கிறது. அது தத்துவம். அதை நானோ வேறெந்த ஆராய்ச்சிக்காரனோ களத்துக்குப் போய் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நம்புகிறவருக்கு அது உண்மை. ஆனால் வரலாற்றுப் பேச்சாக, மாரி ஆரம்பத்திலிருந்தே பார்வதியாகத்தான் இருந்தாள் என்று சொன்னால் அங்கே நான் தலையாட்ட மாட்டேன். கொங்குப் பக்கம் மாரியம்மன் நோன்பில் மூன்று கிளை பிரிந்த கம்பம் ஒன்றை நடுவார்கள். அதுதான் அவள் புருஷன் என்பார்கள். பதினைந்து நாள் பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார்கள், நோன்பு முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். வருஷத்தில் பதினைந்து நாள் மட்டும் சுமங்கலி. கைலாசத்தில் சிவன் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறவளோடு இவளை எப்படிச் சேர்ப்பது? சேர்த்துவிடுகிறார்கள், ஒரு கும்பாபிஷேகம் போதும். பெயர்ப் பலகையில் ஸ்ரீ மகா என்று முன்னால் வந்துவிடும், பலிக்கல் வெளியே நகரும், பூசாரி பக்கத்தில் ஒரு குருக்கள் வந்து நிற்பார், கொஞ்ச வருஷத்தில் தலை மாறிய கதையைச் சொல்ல ஊரே கூச்சப்படும். யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான்: ஆறுமுக நாவலர் காலத்துச் சைவச் சீர்திருத்தம் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை, கண்ணகி கோயில்கள் பல பிற்பாடு இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. உங்கள் குலதெய்வக் கோயிலில் பூசாரி இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறார் என்றால், என் தொழில்காரன் ஆசையில் சொல்கிறேன், அவர் சொல்லும்போதே போனில் பதிவு செய்து வையுங்கள்.

கண்ணகியை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. மாரி என்றால் மழை, கோடையில் மழையைக் கொண்டுவருகிறவள் என்பது ஒன்று. வடமொழியில் மாரி என்றால் கொள்ளை நோய், சாவு, அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது, முடிந்த முடிவு இல்லை. யாராவது இதுதான் என்று அடித்துச் சொன்னால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஆனால் மழையும் நோயும் கோபமுள்ள ஒரு பெண்ணின் கையில் சேர்ந்தே இருக்கும் என்ற எண்ணம் தமிழில் பழையது, அதில் சந்தேகமே இல்லை. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், மதுரை எரிந்த அன்று தொட்டுப் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன என்று வருகிறது. குரு என்பது கொப்புளம். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் நங்கைக்கு, அதாவது கண்ணகிக்கு, சாந்தி செய்த பிறகுதான் மழை பெய்து நோய் நீங்குகிறது. அநியாயமாகப் புருஷனைப் பறிகொடுத்தவள், நாட்டையே காயவைக்கும் சூடு, உடம்பில் கொப்புளம், விழா எடுத்துக் குளிர்வித்தல். இந்த வரிசையைப் பாருங்கள். மட்டக்களப்புப் பக்கம் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசியில் நடக்கும் சடங்குக்கு இன்றும் பெயர் குளிர்த்தி. மாரியும் கண்ணகியும் ஒருத்தியே என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. அநியாயம் பட்டவளின் உடம்புச் சூடுதான் ஊரின் நோய் என்கிற இலக்கணம் இருவருக்கும் பொது, அது போதும்.

இப்போது நோய்க்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். மாரியம்மன் கோபத்தில் அம்மையை அனுப்புகிறாள், பயந்து கும்பிடுகிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். வீட்டில் என்ன சொல்வோம்? அம்மை தாக்கியது என்றா சொல்வோம்? அம்மா வந்திருக்கா. முத்து போட்டிருக்கு. எனக்கு ஏழு வயதில் சின்னம்மை வந்தபோது பாட்டி வாசலில் வேப்பிலை செருகினாள், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினாள், சண்டை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் சத்தத்தைக் குறை, ஆள் இருக்கா என்றாள். ஆள் என்றது என்னை இல்லை. பாயில் கிடந்த எனக்கு ஒரே குழப்பம், கொஞ்சம் கர்வமும்கூட. வீட்டுக்கு வந்த விருந்தாளி என் தோல் மேல் உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கோபப்படுத்தாமல், சூடு ஏற்றாமல், மரியாதையாக இறங்கிப் போக வைக்க வேண்டும். அதற்காக இரவில் தாலாட்டு வாசிப்பார்கள், மாரியம்மன் தாலாட்டு. எத்தனையோ வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: தாலாட்டு என்றால் தாய் பிள்ளைக்குப் பாடுவது. இங்கே பிள்ளைகள் தாயைத் தூங்கவைக்கப் பாடுகிறோம். அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை, அவளுக்குத்தான் உடம்பு எரிகிறது.

பெரியம்மை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்துப்போன காலம் அது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. பிழைத்தவருக்கும் கண் போயிருக்கும், முகத்தில் தழும்பு இருக்கும். அப்படிப்பட்ட நோய் வந்த பிள்ளையைத் தள்ளி வைக்காமல், உள்ளே அம்மா இருக்கிறாள் என்று சொல்லித் தொட்டுப் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. அது பெரிய விஷயம். ஆனால் இதை வைத்து, நம் முன்னோர் அப்போதே கிருமியை அறிந்து வேப்பிலை வைத்தார்கள் என்று சுற்றும் வாட்ஸப் பாடத்துக்கு நான் வர மாட்டேன். வேப்பிலை பெரியம்மையைக் குணமாக்கவில்லை. இந்தியாவில் 1975இல் அது கடைசியாகக் காணப்பட்டு, 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததற்குக் காரணம் தடுப்பூசி. இதே நம்பிக்கை ஊசிக்குக் குறுக்கே நின்றதும் உண்டு, அம்மா வந்த உடம்பில் ஊசி குத்தாதே என்று. இப்போதும் வீட்டில் சின்னம்மை வந்தால் மருந்து கூடாது என்பார்கள். வேப்பிலை செருகுங்கள், டாக்டரையும் பாருங்கள். பெரியவர்களுக்கோ கர்ப்பிணிக்கோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

பெரியம்மை போய்விட்டது, அவள் போகவில்லை. இதிலிருந்தே அவள் வெறும் நோய்த் தெய்வம் இல்லை என்று தெரியவில்லையா? சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி நடக்கும். விரதம் இருப்பது நாம் இல்லை, அம்மன். ஜனங்களுக்காக அவள் பட்டினி கிடக்கிறாள். தளிகை, அதாவது சமைத்த சோறு, கிடையாது; துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவ்வளவுதான் நைவேத்தியம். சாமிக்காக மனுஷன் பட்டினி கிடப்பதை எங்கும் பார்க்கலாம், மனுஷனுக்காகச் சாமி கிடப்பதை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? பக்தர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். கூடவே ஒரு முணுமுணுப்பும் எனக்குள் ஓடும்: வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த ஜனம், தன் சாமியையும் அப்படித்தான் கற்பனை செய்துகொண்டதோ? இது என் யோசனைதான், யாரும் கோயிலில் இப்படிச் சொல்வதில்லை.

அங்கிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெண்ணைச் சாமியாகக் கும்பிடுகிற நாட்டில் பெண்ணுக்கு மதிப்பு கூடும் என்று மேடையில் பேசுவார்கள். கூடவில்லை, கண் இருப்பவர்களுக்குத் தெரியும். தலையை வெட்டியது தப்பு என்று எந்தப் பூசாரியும் கதையின் நடுவில் நிறுத்திச் சொல்வதில்லை, ஜமதக்னிக்கு ஒரு தண்டனையும் இல்லை. ஆனால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. ஈரோட்டுப் பக்கம் ஒரு ஊர் நோன்பில் பார்த்தது இது. நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மாவுக்கு, புருஷன் செத்தவர், பறையடி உச்சத்துக்குப் போனபோது அருள் வந்துவிட்டது. நேரே புருஷனின் அண்ணன் முன்னால் போய் நின்று, "என் பிள்ளைக்குச் சேர வேண்டியதை வச்சுக்கிட்டு என் வாசலுக்கு எதுக்குடா வர்றே?" என்று கேட்டது சாமி. அந்த மனுஷன் ஊர் முன்னால் அவள் காலில் விழுந்தார். மறுநாள் காலையில் அதே அம்மா தலையைக் குனிந்துகொண்டு அந்த வீட்டுத் திண்ணையைக் கடந்து போனதையும் பார்த்தேன். அடுத்த வருஷம் விசாரித்தேன். நிலம் வரவில்லை. வாய்க்கால் தண்ணீர் முறை மட்டும் வந்திருந்தது. அருள் உண்மையா நடிப்பா என்று கேட்பார்கள், எனக்கு அந்தக் கேள்வியில் ருசி இல்லை. அவளால் அவளாக நின்று கேட்க முடியாததை அவள் வாய் அன்று கேட்டது, ஊரும் அன்று காது கொடுத்தது.

தீட்டு விஷயத்தையும் கடைசி வரியில் தொட்டிருந்தீர்கள், மாதவிலக்கு நாளில் உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று. அது மாறாத விதி என்று யாராவது சொன்னால், மேல்மருவத்தூரைக் காட்டுங்கள். அங்கே பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள், மாதவிலக்கு அங்கே தடையே இல்லை. செவ்வாடை கட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் பெண்கள் அங்கே போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்த இயக்கத்தின் மற்ற விஷயங்களில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆதிபராசக்தியின் சன்னதியில் அந்த விதியை எடுத்துவிட்டும் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பது கண்ணால் பார்த்தது. அதற்காக உங்கள் மாமியார் வீட்டுக் கோயிலில் நாளைக்கே போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. அது உங்கள் வீடு, உங்கள் கணக்கு.

மகளுக்கு வருவோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு வெட்டின கதையை வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான், ஆனால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட ரத்தத்தைத் தாங்குவார்கள். அவர்களுக்குத் தாங்காதது அநியாயம். என் பெண்ணுக்கு அந்த வயதில் நான் பாதிதான் சொன்னேன்: எல்லோரும் கோபித்துக்கொண்டதால் ஒரு அம்மா ஊருக்குள் ஓடிவந்தாள், ஒருத்தரும் கதவு திறக்கவில்லை, கடைசி வீட்டில் ஒருத்தி மட்டும் திறந்து கட்டிக்கொண்டாள், அந்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாரியம்மா. தலை, உடம்பு, கோடரி எதுவும் சொல்லவில்லை. அதெல்லாம் அவளே பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வேறெங்கோ கேட்டுவிட்டு வந்து, ஏன் என்னிடம் முழுசாகச் சொல்லவில்லை என்று சண்டை போட்டாள். அப்போது மீதியைச் சொன்னேன், இரண்டாவது வரத்தையும் சேர்த்து. பார்வதி அவதாரம் என்று சொன்னாலும் தப்பில்லை, மாமியார் அப்படிச் சொன்னால் குறுக்கே பேசாதீர்கள், பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

அன்று முழுக் கதையும் கேட்டு முடித்துவிட்டு என் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கதவு திறந்த அந்த இன்னொரு அம்மாவுக்குப் பேர் என்னப்பா? பதிவு செய்த நாடாக்களையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லம்மன் என்பது அவள் சாமியான பிறகு வந்த பெயர். அதற்கு முன்னால் அவளுக்கு என்ன பெயர் என்று நான் பேசின பூசாரிகளில் ஒருத்தர்கூடச் சொல்லியிருக்கவில்லை, நானும் ஒருத்தரிடம்கூடக் கேட்டிருக்கவில்லை. உங்கள் பூசாரியிடம் போகும்போது அதையும் கேளுங்கள், பதில் கிடைத்தால் இங்கேயே வந்து எழுதுங்கள்.